ஒழு முறிந்த ஓட்டம்

கோப்பை வாங்கும்போது ஜவுபர் சிரித்த சிரிப்பை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. வென்றவன் சிரிப்பதில் குற்றமில்லை. ஆனால் அது அந்தச் சிரிப்பில்லை. கல்முனைச் சந்தியில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, சைக்கிள் ஓட்டக் கழகத்தின் தலைவர், காணி உறுதி எழுதும் முகம்மது தம்பி நொத்தாரிஸ், கோப்பையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஜவுபர் அதை வாங்காமல் அவருடைய துருக்கித் தொப்பியைச் சுட்டிக்காட்டி, "ஐயா, தொப்பிக்கு மேல காகம் ஒண்டு இரிக்கி. ஆடாம நில்லுங்க" என்றான். காகமும் இல்லை, குருவியும் இல்லை. பிறகு கோப்பையை வாங்கி அதற்குள் வாயை வைத்து, "உள்ளுக்கு ஆராவது இரிக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, தார் றோட்டில் சப்பாணி கட்டி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

முதலில் சனமும் சேர்ந்துதான் சிரித்தது. ஆவணி மாதத்துக் கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரத்தில் அக்கரைப்பற்றுவரை மிதித்துத் திரும்பியவன், களைப்பில் உளறுகிறான் என்று நினைத்தோம். ஆனால் களைத்தவனுக்குக் கண் இப்படியா சிவக்கும்? முதலுதவிக்கு வந்திருந்த டொக்டர் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டிய ஜவுபர் அதை உள்ளே எடுக்க மறந்துபோனான்.

"இது வெயில் இல்ல" என்றார் டொக்டர், நொத்தாரிஸின் காதருகில். ஒலிபெருக்கி திறந்து கிடந்தது. "கஞ்சா மாதிரி ஏதோ உள்ளுக்குப் போயிருக்கு."

இரண்டாவதாக வந்த கோணாமலை காரைதீவில் கடல் தொழில் செய்பவன். ஜவுபருக்கு ஒரு சில்லு நீளம் பின்னால் வந்து சேர்ந்திருந்தான். அவன் சைக்கிளைப் பிடித்தபடி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றான். எங்களுக்கும் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கிய வெட்கம் அது.

ஓட்டம் தொடங்குமுன் கழகச் செயலாளர் தங்கத்துரை மாஸ்டர் விதிகளை ஒலிபெருக்கியில் வாசித்திருந்தார். வெல்பவர்கள் கொழும்புத் தெரிவுக்குப் போவார்கள். அதனால் கொழும்பில் உள்ள விதிகள் இங்கும் உண்டு என்றார். வெறிப்பொருளோ வேகம் கூட்டும் மருந்தோ உடம்பில் இருந்தால் அந்த ஓட்டம் செல்லாது. தெரிந்து எடுத்தவன் இரண்டு வருடம் சைக்கிள் தொட முடியாது. அதைக் கேட்டு, "எங்கட புள்ளகளுக்கு மாட்டெறச்சி போதும் மாஸ்டர், மருந்து என்னத்துக்கு?" என்று யாரோ கத்த, நாங்கள் கைதட்டினோம். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஜவுபர் சாய்ந்தமருதுக்காரன். கரைவலை இழுத்து மீன் கரையேறியதும் பெட்டியில் ஐஸ் தூவி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சவளக்கடை, நாவிதன்வெளி என்று வயல் ஊர்களுக்குப் பறப்பான். வெயில் ஏறினால் மீனின் கண் கலங்கும். கண் கலங்கிய மீனை வயற்காரர்கள் கையாலும் தொடமாட்டார்கள். ஆகையால் அவனுக்குச் சைக்கிள் ஓடச் சொல்லிக்கொடுத்தது எந்த மாஸ்டரும் இல்லை, மீன்தான். வைகாசியில் கல்முனைக்குடி கச்சிமுகம்மதின் மகள் நஸீறாவைக் கட்டினான். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அவனும் ஒரு சூட்கேசும் அந்தச் சைக்கிளுமாக வந்து சேர்ந்தான்.

மாமியார் பாத்தும்மா மருமகன் முகத்துக்கு நேரே வந்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, அதுவும் நஸீறாவைப் பார்த்துச் சொல்வது போலத்தான் பேச்சு. "மகள், மருமகனுக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்க." அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் சட்டிதான் பேசும். காலையில் முட்டையும் நெய்யும், பகலில் விளைமீன் ஆணக் குழம்பு, வெள்ளிக்கிழமைக்கு வட்டிலப்பம். பன்புல்லில் பாய் இழைத்துத் தன் கையால் சேர்த்ததையெல்லாம் மருமகனின் பீங்கானில் கொட்டினாள். மூத்தவள் இளையவள் என்று இல்லாமல் ஒரே ஒரு மகள். அவள் வாழ்வு அந்தப் பீங்கானில்தான் இருக்கிறது என்பது அவளுடைய கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு இடி விழுந்தது. மருமகன் பின்னேரம் வயல் ஊர்களிலிருந்து வந்து, குளித்து, தின்று, கை கழுவிய ஈரம் காயுமுன் குறட்டை விட்டுவிடுவான். நஸீறா முற்றத்தில் தனியே உட்கார்ந்து பன் கிழித்துக்கொண்டிருப்பாள். மகள் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. தாய்க்குச் சொல்லவும் வேண்டுமா?

புதுமாப்பிள்ளைக்குப் பாலில் கரைத்துக் கொடுக்கும் லேகியம் ஒன்று அந்தக் காலத்தில் சில வீடுகளில் இருந்தது. மாப்பிள்ளை மருந்து என்பார்கள். என்ன மருந்து என்று கேட்டால் பொம்பிளைகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பைப் பார்ப்பார்கள். ஏலம், கராம்பு, சாதிக்காய், தேன் என்று எல்லாம் கிடக்கும். அவற்றோடு நெய்யில் வறுத்த கஞ்சா இலையும் கிடக்கும். பாத்தும்மா வயற்பக்கத்துப் பரிசாரி ஒருவரிடம் ஆளனுப்பி ஒரு சின்னப் பேணி நிறைய வாங்கி, குசினிப் பரணில் உப்புப் பானைக்குப் பின்னால் வைத்தாள். இரவில் நகக்கண்ணளவு எடுத்துப் பாலில் கரைப்பாள். "ஏலக்காய்ப் பால், மகள். சூட்டோட குடுங்க" என்பாள். ஓட்டத்துக்கு முதல்நாள், ஓடப்போகிற பிள்ளையென்று கொஞ்சம் கூடவே கரைத்தாள். அந்தக் கொஞ்சம்தான் தன் குடியைக் கெடுத்தது என்று அவள் நம்பினாள்.

முதல் விசாரணை வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. ஜன்னல்களிலும் ஆள் தொங்கியது. ஜவுபர் புதுச் சாரனும் வெள்ளைச் சேர்ட்டுமாக, தெளிந்த முகத்தோடு வந்து நின்றான்.

"தம்பி, ஓட்டத்துக்கு முதல் என்ன எடுத்தீங்க?" என்று தங்கத்துரை மாஸ்டர் கேட்டார்.

"ஒண்டும் எடுக்கல்ல மாஸ்டர். அல்லாஹ் அறிய ஒண்டும் எடுக்கல்ல."

"அப்ப திண்டது, குடிச்சது?"

"ஊட்டுல புட்டும் வாழப்பழமும். வழியில ஒரு கிளாஸ் சர்பத்து."

"எங்க?"

"காரைதீவுல. சுந்தரம்மாக்காட கடையில."

மண்டபம் இரைந்தது. சுந்தரம்மா கோணாமலையின் தாயோடு கூடப் பிறந்தவள். இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்ட எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வசதியென்றால் மூன்றும் இரண்டும் நாலு என்றும் கூட்டும். வெறிக்க வைத்துத் தோற்கடிக்கத்தான் கொடுத்தாள் என்றார்கள். அவன் தோற்கவில்லையே, வென்றல்லவா வந்தான் என்று கேட்டதற்கு, "அவ தோக்க வைக்கப் பாத்தா, அல்லாஹ் வெல்ல வச்சிட்டான்" என்றார்கள். இதற்கு மேல் யார் என்ன பேசுவது?

ஜவுபர் அவள் மேல் ஒரு பழியும் சொல்லவில்லை. ஊர் சொன்னதை இல்லையென்றும் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

அன்று பின்னேரமே எங்கள் பொடியன்மார் சிலர் காரைதீவுக்குப் போய்ச் சுந்தரம்மாவின் சர்பத்துப் போத்தல்களை றோட்டில் போட்டு உடைத்தார்கள். கோணாமலையின் ஆட்கள் துடுப்போடு வந்தார்கள். தங்கத்துரை மாஸ்டர் நடுவில் நின்றபடியால் அன்று கை கலக்கவில்லை. விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுந்தரம்மா தலையில் பன்கட்டோடு பாத்தும்மா வீட்டு வேலிக்குள் வந்தாள். குளக்கரையில் பன் அறுத்து, காயவைத்து, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பாள். நெல்லும் தேங்காயும் வாங்கிப் போவாள். இரண்டு பேரும் குமரிகளாயிருந்த காலத்திலிருந்தே இந்தக் கொடுக்கல்வாங்கலும், ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவதும். பாத்தும்மா முற்றத்து மாமர நிழலில் பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாவைக் கண்டதும் அவள் கை சிவப்புப் பன்னை விட்டுப் பச்சையை எடுத்தது.

"என்னகா ராத்தா, வா எண்டு ஒரு சொல்லும் இல்ல?"

"வா சுந்தரம். இரி. தண்ணி தாறன்."

"என்ட கையால ஆரும் தண்ணி குடிக்கிறல்ல இப்ப. நீங்களாவது தாறீங்களே." சுந்தரம்மா பன்கட்டை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். "போத்தல் உடைஞ்சது போகட்டும் ராத்தா. கண்ணாடிதானே. ஆனா சந்தைக்குப் போனா நம்மட சனமே கேக்குது, நீ என்னத்தக் கலந்த எண்டு. கோணாமலை அவன் கோப்பை வேணாமெண்டுறான். பெரியம்மா கலந்தா, மகன் வெண்டான் எண்டு கேக்க ஏலாதாம்."

பாத்தும்மா குனிந்து இழைத்துக்கொண்டே இருந்தாள்.

"நம்மட மருமகன் எண்டுதான் கூப்பிட்டுக் குடுத்தன். மத்தவங்களுக்கு வெறும் தண்ணி. அவருக்குத்தான் சர்பத்து, கசகசாவும் போட்டு. அதுதான் பிழையாப் போயிற்றோ?" சுந்தரம்மா குனிந்து பாத்தும்மாவின் கையிலிருந்த பன்னைப் பிடித்தாள். "ராத்தா, ஊர் என்னவும் சொல்லட்டும். நீங்க உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க. நான் அப்பிடிச் செய்வனா?"

"நீ செய்ய மாட்டா."

"அத வெளியில சொல்லுவீங்களா?"

பாத்தும்மா பன்னை விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு மரைக்கால் நெல்லை அளந்தாள். பிறகு இன்னொரு மரைக்கால். கொட்டும்போது சுந்தரம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இது பன்னுக்குரிய அளவு இல்லயே. கூட இருக்கு. ஏன்கா?"

"கொண்டு போ."

"எனக்குப் பாவம் பார்க்கிறீங்களா?" என்று சுந்தரம்மா கேட்டாள். கூடக் கிடந்ததைக் கையால் அள்ளித் திரும்ப மரைக்காலில் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் பாத்தும்மா பாயைப் பார்த்தாள். சிவப்புக் கோடு வரவேண்டிய இடமெல்லாம் பச்சையாகக் கிடந்தது. பிரித்துப் பிரித்து இழைத்தாள், மறுபடியும் பிழைத்தது. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு அழுதாள்.

நெல் வெட்டுக்காலம் ஆனபடியால் கச்சிமுகம்மது சவளக்கடை வயல்வாடியில் கிடந்தார். வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கிவிட்டு வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கழுத்தெல்லாம் வைக்கோல் சுணை. அவர் குளித்துவிட்டு வந்து தேத்தண்ணீரை வாயில் வைத்ததும் பாத்தும்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தேத்தண்ணீர் கோப்பை கீழே வந்தது.

"ஆருக்காவது சென்னியா?"

"உங்களுக்குத்தான்."

"இது என்னோட முடியணும். விளங்கிச்சா?"

"நஸீறாட வாப்பா, அந்தப் பொம்பிளட போத்தல உடைச்சிரிக்காங்க. நாளைக்கி அவட மண்டைய உடைப்பாங்க. கலந்தவ நான். பழி அவவுக்கா?"

"அதுக்கு? ஜும்ஆச் சனத்துக்கு முன்னால போய் நிண்டு, என்ட மருமகனுக்கு நான் மருந்து குடுத்த எண்டு செல்லப் போறியா? என்ன மருந்து எண்டு கேப்பானுகள். என்னத்துக்கு எண்டு கேப்பானுகள். செல்லுவியா?" கச்சிமுகம்மது குரலைத் தாழ்த்தினார். கோபத்தை விட அவருக்கு வெட்கம் கூட. "மாப்பிள்ளட ஆம்புளத்தனத்தச் சந்தியில வச்சிக் கூறி விக்கப் போறியா? அவர் பொறகு இந்த ஊட்டுல ஒரு நாள் இரிப்பாரா? மகள்ட வாழ்வ யோசி."

"அத யோசிச்சித்தானே இந்த வேலயச் செஞ்ச."

உள்ளறையில் பாய் அசைந்தது. ஜவுபர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது, முகம் வரவில்லை.

"நஸீறா, உம்மாவக் கதைக்க வேணா எண்டு செல்லுங்க. மாமா செல்றதுதான் சரி. கொஞ்ச நாள் போனா எல்லாரும் மறந்திடுவாங்க."

"அப்ப சுந்தரம்மா?" என்று பாத்தும்மா கதவைப் பார்த்துக் கேட்டாள். நஸீறாவைப் பார்த்துக் கேட்க மறந்துவிட்டாள்.



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் மண்டபத்தில் நிறைந்தது. காரைதீவுக்காரர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சுந்தரம்மா வாசல் படியில் கோணாமலையோடு உட்கார்ந்திருந்தாள். சர்பத்தில் என்ன போட்டாய் என்று நொத்தாரிஸ் அவளைக் கேட்கத் தொடங்கும்போதுதான், றோட்டுப் பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கறுப்புக் குடை வந்து நின்றது. கண் மட்டும் தெரியும்படி முக்காடு.

"நொத்தாரிஸ் காக்கா," என்று அண்ணனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டது ஒரு குரல். "அவவக் கேக்காதீங்க. நான் கச்சிமுகம்மதுட பொண்டாட்டி."

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் கூடிய இடத்தில் ஒரு பொம்பிளை வாய் திறந்து நாங்கள் அதுவரை கேட்டதில்லை. கச்சிமுகம்மது எழுந்தார். எழுந்தவர் எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

"சுந்தரம்மாட சர்பத்துல சீனியத் தவிர ஒண்டும் இல்ல. என்ட பாலுலதான் இரிந்த."

"என்ன பால் புள்ள?" என்றார் நொத்தாரிஸ்.

குடை இன்னும் தாழ்ந்தது. "முதல்நாள் ராவு மருமகனுக்குக் குடுத்த பால். மருந்து கரைச்சிக் குடுத்தன். புதுமாப்பிள்ளைக்குக் குடுக்கிற மருந்து."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பரவியது. "ஓ, அந்த மருந்தா!" என்றது ஒரு குரல். சிரித்தவர்களில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், தாடி நரைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலும் அதே பேணி இருந்திருக்கும். தங்கத்துரை மாஸ்டர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"சிரிக்கிறவன் வெளியில போ! ஒரு பொம்பிள தன்ர மானத்தக் கொண்டு வந்து இன்னொரு பொம்பிளைக்குக் குடுக்கிறா. சிரிப்பா இருக்கோ உங்களுக்கு?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மெதுவாக, "அம்மா, ஒரு கேள்விதான். மருமகனுக்கு அது தெரியுமா?"

"தெரியா மாஸ்டர். ஏலக்காய்ப் பால் எண்டுதான் மகள்ட்டக் குடுத்தன். அல்லாஹ் மேல சத்தியமாச் செல்றன், அவருக்கு ஒண்டும் தெரியா. குத்தம் எல்லாம் எனக்கி."

ஜவுபர் தலை நிமிரவில்லை. மாமியார் இப்படி நிற்பதைக் காணச் சகிக்காமல் குனிந்திருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். அவனுக்காக இரங்கினோம்.

வாதம் அதன் பிறகுதான் சூடேறியது. தெரியாமல் நடந்ததற்குக் கோப்பையை எடுக்கலாமா என்று எங்கள் பக்கம் கேட்டது. கச்சிமுகம்மதே எழுந்தார். மனைவி மேல் உள்ள கோபத்தையெல்லாம் வாதத்தில் போட்டார்.

"நோன்பு வச்சவன் மறதியாத் தண்ணி குடிச்சா நோன்பு முறியுமா? முறியா. அல்லாஹ்வே மன்னிக்கிறான். உங்கட கழகம் அல்லாஹ்வ விடப் பெரிசா?"

தங்கத்துரை மாஸ்டர் விதியைத் திரும்பச் சொன்னார்: உடம்பில் இருந்தால் ஓட்டம் செல்லாது. அது எங்கள் ஆட்களின் காதில் ஏறவில்லை. முகம்மது தம்பி நொத்தாரிஸ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கச்சிமுகம்மது, நீ நோன்பச் சென்னாய். நான் தொழுகையச் செல்றன். காரைதீவாரும் கேளுங்க, தொழ முதல் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகுறதுதான் ஒழு. ஒழு முறிஞ்ச தெரியாம ஒருத்தன் தொழுதிட்டான். பொறகுதான் தெரிய வந்த. அவனுக்குப் பாவமா?"

"பாவமில்ல."

"தொழுகை கூடுமா?"

கச்சிமுகம்மது மெல்ல உட்கார்ந்தார்.

"கூடா. ஒழு எடுத்துத் திருப்பித் தொழணும். அவன் கெட்டவன் எண்டு ஆரும் செல்லல்ல. ஆனா தொழுதது தொழுகை இல்ல. இதுவும் அப்பிடித்தான். ஜவுபர் ஓடின ஓட்டம் ஒழு முறிஞ்ச ஓட்டம். கோப்பை கோணாமலைக்கி. தெரியாம நடந்ததால ரெண்டு வருசத் தடை இல்ல. கொழும்புக்குப் போக ஆசையெண்டா, வாற ஞாயித்துக்கிழம விடியத் திருப்பி ஓடட்டும்."

தங்கத்துரை மாஸ்டர் விதித்தாளை மடித்துக்கொண்டு, "நான் இவ்வளவு நாளும் இங்கிலீசுல விளங்கப்படுத்திக்கொண்டிருந்தன்" என்றார். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்த ஒரே சிரிப்பு அதுதான். கோணாமலை கோப்பையை வாங்கிக்கொண்டு ஜவுபரிடம் வந்து, "அடுத்த முற பாலக் குடியாம வா மச்சான்" என்று தோளில் தட்டினான். சுந்தரம்மா ஜன்னலுக்கு ஓடினாள். குடை அதற்குள் போய்விட்டிருந்தது.

கச்சிமுகம்மது வீட்டுக்கு வராமல் அப்படியே வயல்வாடிக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலையில் பாத்தும்மா அந்தப் பேணியைக் கடலில் எறிந்துவிடுவதென்று பரணில் கைவிட்டாள். உப்புப் பானைக்குப் பின்னால் அது இருந்தது. எடுத்தாள். பாரம் இல்லை. மூடியைத் திறந்தாள். அவள் எடுத்தது மேலாக, நகக்கண்ணளவாய்ச் சில நாட்கள். பேணியோ அடிவரை வழித்து நக்கினது போலக் கிடந்தது.

நஸீறா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தாயின் கையில் பேணியைக் கண்டதும் மீன் சட்டிக்குள் நழுவியது.

"ஆரு மகள்?"

"உம்மா..."

"எலி திண்டிச்சா?"

நஸீறா அழுதாள். "பாலுக்குள்ள என்னமோ கிடக்கு எண்டு அவர் முந்தியே கண்டுபிடிச்சிட்டாரு உம்மா. என்ன எண்டு கேட்டாரு. நான் காட்டினன். இதத் திண்டா கால் நோவு தெரியல்ல எண்டு சைக்கிள் ஓடக்குள்ள எடுக்கத் தொடங்கினாரு. ஓட்டத்தண்டு விடிய, மிச்சமிரிந்த எல்லாத்தையும் ஒரே உருண்டையா..."

"அப்ப நான் சத்தியம் பண்ணக்குள்ள?"

"நீங்க போவீங்க எண்டு எனக்கித் தெரியாதும்மா. அவருக்கும் தெரியா."

பாத்தும்மா பேணியைக் கழுவவில்லை, எறியவில்லை. சோறு ஆக்கினாள். விளைமீன் ஆணம் வைத்தாள், கத்தரிக்காய் பொரித்தாள், ஒன்றும் குறைக்கவில்லை. பகலில் ஜவுபர் வந்து பாயில் உட்கார்ந்தான். மறுநாள் ஓட்டத்துக்கென்று சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, வேலியில் சாத்தியிருந்தான். நஸீறா சோற்றை வைத்தாள். அவன் இரண்டு பிடி வாயில் வைத்திருப்பான். கதவு திறந்தது.

அந்த வீட்டுக்கு அவன் வந்த நாள் முதல் அவள் முகத்தை அவன் நேரே கண்டதில்லை. இப்போது கண்டான். வயது போன, வெற்றிலைக் கறை படிந்த, அழுது வீங்கிய சாதாரண முகம். அவள் குனிந்து, பேணியைப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மகன், நான் ஆம்புளைகளுக்கு முன்னால போய் நிண்டு என்ட மானத்த உட்டன். அது போகட்டும், சுந்தரம்மாவுக்காக உட்ட. ஆனா உங்களுக்காக ஒரு சத்தியம் பண்ணினனே. அது பொய்ச் சத்தியம். அத நான் என்ன செய்ற?"

ஜவுபரின் கை சோற்றிலேயே நின்றது.

"நீங்க எடுத்தது கூடக் குத்தமில்ல மகன். எடுக்கிற இடத்துல வச்சது நான். என்னக் கதைக்க உட்டுட்டு நீங்க நிலத்தப் பாத்தீங்களே, அதுதான் தாங்க ஏலாம இரிக்கி."

அவள் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நஸீறா கை கழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவள் முகத்தையும் அவனால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து சைக்கிளில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டு, நடந்தான். தங்கத்துரை மாஸ்டர் வீடு காரைதீவில். அங்கே போகத் தான் பிறந்த சாய்ந்தமருதைத் தாண்ட வேண்டும். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. சைக்கிள் இல்லாத ஜவுபரை அந்த றோட்டில் கண்டவர் இல்லை. கடைக்குக் கடை எட்டிப் பார்த்தார்கள். ஒருவன், "மச்சான், மாமிட பால் எப்பிடி?" என்று கூப்பிட்டான். ஜவுபர் திரும்பவில்லை. இதையும் சேர்த்து வாங்கத்தான் சைக்கிளை விட்டு வந்தானோ என்னவோ.

காரைதீவு முகப்பில் சுந்தரம்மா மேசையை மறுபடி போட்டிருந்தாள். பழைய போத்தல்கள் நின்ற இடத்தில் புதிதாக இரண்டே இரண்டு போத்தல்.

"மருமகன்! இந்த வெயிலுக்குள்ள நடந்தா வாறீங்க? சைக்கிள் எங்க? இஞ்சால வாங்க!"

அவன் நின்றான். அவள் அதற்குள் கிளாஸை நிரப்பிவிட்டாள், கசகசாவும் போட்டு.

"குடியுங்க. அண்டைக்குப் பிறகு ஒரு சனம் என்ட கிளாஸத் தொடல்ல. நேத்து உங்கட மாமி வந்து கதைச்சாவே, அதுக்குப் பிறகுதான் இண்டைக்கு நாலு பேர் வந்தாங்க. அவ வாய் திறந்திராட்டி நான் மேசையக் கழட்டி அடுப்புல வச்சிருப்பன். பாவம், ஒண்டும் அறியாத உங்களையும்தானே போட்டு அலைக்கழிச்சாங்க."

ஜவுபர் நடுறோட்டில் நின்று, பஸ்ஸில் போகிறவர்களும் காண, அந்தச் சர்பத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

"மாஸ்டர்ட ஊடு எது அக்கா?"

"அந்தா, வேம்பு தெரியிற வளவு. என்ன விசயம் புள்ள? நாளைக்கு ஓட்டம் இருக்கெல்லோ?"

"ஓட்டம் இல்ல. அவருக்கிட்ட ஒண்டு செல்லக் கிடக்கு. செல்லிட்டு வந்து உங்களுக்கும் செல்றன். அதுக்குப் பொறகு நீங்க என்ன மருமகன் எண்டு கூப்பிடுறதெண்டா கூப்பிடுங்க."

சுந்தரம்மாவுக்கு விளங்கவில்லை. கிளாஸை வாங்கக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த வாளித் தண்ணீரில் குனிந்து அதைத் தானே கழுவினான். உள்ளும் புறமும் கழுவி, மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேம்பு தெரிந்த வளவை நோக்கி நடந்தான்.